பதினேழாவது சுற்று

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்
நகராட்சி எனக்குக் கொடுத்த வேலை:
கடற்கரைச் சாலையின் சாக்கடை மூடிகளை
ஒன்று விடாமல் பற்றவைத்து அடைப்பது.
நூற்றுப் பன்னிரண்டு மூடிகள்.
அந்த வேகத்தில் ஒரு கார் கடந்தால்
அதன் வயிற்றுக்கடியில் பாயும் காற்று
இரும்பு மூடியை உறிஞ்சித் தூக்கிவிடுமாம்,
தோசையைத் திருப்புவதுபோல.

ம்பாலி தீப்பொறிக்கு மறைப்புப் பிடித்தாள்.
நான் குந்தி உட்கார்ந்து
டர்பனின் வாயைத் தைத்துக்கொண்டே போனேன்.
சுறாவலைப் படகுகள் திரும்பும் நேரம்.
ஹோட்டல் பால்கனியில் ஒருவன்
பல் துலக்கியபடி எங்களைப் பார்த்தான்.

இதே சாலையில் முன்பும் ஓட்டினார்கள்.
அப்போது கான்கிரீட் சுவர் கிடையாது,
வைக்கோல் கட்டுதான்.
எங்களவர் லாரியில் ஏற்றி வந்தது;
இறக்கி அடுக்கியதும் போய்விட வேண்டும்.
உட்கார்ந்து பார்க்கும் மரப்படிகள்
வெள்ளைக்காரர்களுக்கு.
நமக்கு நான்காம் வளைவுக்கு அப்பால்
ஒரு மணல்மேடு,
அதுவும் போலீஸ்காரன் மனம்போல.

அங்கே நின்றவர் என் மாமனார்,
குப்பமுத்து மூனசாமி,
வார்விக் சந்தையில் தராசுக் கணக்கர்.
நான் மருமகளாய் வருமுன்பே போய்விட்டார்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கையெழுத்து:
உருளைக்கிழங்கு, வெங்காய மூட்டைக் கணக்குக்கு நடுவே
மூன்று பக்கம் ஒரு பந்தயம்.
கிரேவில் குதிரை லாயத்தில்
இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்ச்.
நொடியை ஐந்தாய்க் கூறுபோட்டு
ஒவ்வொரு சுற்றும் எழுதியிருக்கிறார்.
ஓட்டியவர்களுக்குப் பெயர் இல்லை,
பச்சை, சிவப்பு, அவ்வளவே.

பச்சை இரண்டு நொடி முன்னே.
பச்சை ஒரு நொடி, மூன்று பங்கு.
பச்சை நான்கு பங்கு.
பதினாறில் ஒரே பங்கு.
பதினேழுக்கு எதிரே எண் இல்லை.
'நகரச் சொன்னான். நகர்ந்தேன்.'
பதினெட்டில்
சிவப்பு இரண்டு நொடி முன்னே.

மறுநாள் செய்தித்தாளை வெட்டி ஒட்டியிருக்கிறார்.
அந்த ஆண்டின் அழகே அந்த முந்தல்தான் என்று
யாரோ உருகி உருகி எழுதியிருக்கிறான்.
நான்காம் வளைவில்.
மணல்மேட்டுக்கு நேர் எதிரே.
ஓரத்தில் பென்சிலால் இவர்:
வெங்காயம் மூட்டை ஆறு ஷில்லிங்.

இம்முறை கழுத்தில் அனுமதி அட்டை தொங்க
கம்பிவலைக்கு உள்ளே நின்றேன்.
என்னை யாரும் நகரச் சொல்லவில்லை.
நாட்டுக்கொரு நிறமாய்க் கார்கள்.
ம்பாலி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நானோ நாற்பத்தொன்றாம் மூடியை விட்டுக்
கண்ணெடுக்கவில்லை.
அதில் ஒரு தையல் எனக்குத் திருப்தியில்லை.
முந்தினார்களாம், சுவரில் உரசினார்களாம்,
ஒரு சக்கரம் தனியே கடலைப் பார்க்க ஓடியதாம்.
பந்தயம் முழுக்க நான் பார்த்தது
இரண்டு சாண் இரும்பு.
யார் ஜெயித்தது என்று மகன் கேட்டான்.
மூடி, என்றேன்.

சில ஆண்டு வந்தார்கள், பிறகு வரவில்லை.
காசில்லை என்று ஒரு பேச்சு.
சுவர்களைத் துண்டு துண்டாய் ஏற்றிப் போனார்கள்.
மூடிகளைத் திரும்ப வெட்டித் திறக்கும் பட்டியல்
என் மேசைக்கு வந்தது.
நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு.
யார் தட்டச்சு செய்தார்களோ.
நானும்தான் கையெழுத்துப் போட்டேன்.

தை மாத மழையில்
நான்காம் வளைவில் முழங்கால் தண்ணீர்.
செருப்புகள் மிதந்தன, ஒரு பன்னி சௌ பொட்டலம்,
குடைக்கீழ் வேடிக்கைக் கூட்டம்.
தண்ணீரை மண்மூட்டையால் வளைத்து, இறைத்து,
வெட்டுகோலைப் பற்றவைத்தேன்.
நகருங்கள் என்று கத்தினேன்.
நகர்ந்தார்கள்.
ஒரு கிழவர் மட்டும் இரண்டடி நகர்ந்து
எட்டிப் பார்த்தார்;
அவரையும் ம்பாலி தள்ளி நிறுத்தினாள்.

என் தையலை நானே பிரித்தேன்.
நல்ல தையல். விடவே மாட்டேன் என்றது.
மூடி பெயர்ந்ததும் மண்மூட்டையை உதைத்தேன்.
தண்ணீர் சுற்றிச் சுற்றி இறங்கியது.
எத்தனை சுற்று என்று எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.